முதலில் பெயர், பிறகு பணமா?

“முதல் புராஜெக்ட்டாம்மா? அப்போ ஒண்ணு பண்ணு. மேலே ஒரு டாக்டர் பேரைப் போடு, கீழே உன் பேரைப் போட்டுக்கோ. ரெண்டு பேப்பர் வரட்டும். அப்புறம் தனியா அப்ளை பண்ணலாம்.”

ஆய்வு நிதிக்கு முதன்முறையாக விண்ணப்பிக்க நினைக்கும் எந்த நர்சும் இந்த அறிவுரையிலிருந்து தப்பியதாக எனக்குத் தெரியவில்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேன்டீனுக்குக் கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, அக்கறையோடுதான் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்திய நானும் மாணவிகளிடம் இதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறாள். கையில் ஒரு நீள நோட்டு. தான் டியூட்டி பார்த்த நாட்களில் வார்டில் போட்ட ஒவ்வொரு கேனுலாவையும், அதாவது மருந்து ஏற்றக் கையில் குத்திவைக்கும் குழாயையும், அதில் எழுதி வைத்திருந்தாள். எந்தக் கை, என்ன சைஸ், என்ன மருந்து போனது, எத்தனையாவது நாள் வீங்கியது, பிளாஸ்திரி எப்போது பிரிந்தது. நான்கு மாதக் கணக்கு. நோயாளியின் பெயர் எங்கும் இல்லை. வரிசை எண் மட்டும். “மேடம், இதை வெச்சு புராஜெக்ட் எழுதலாம்னு நினைக்கிறேன். எங்க வார்டுல சார் பேர்ல அனுப்பச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. நோட்டைப் புரட்டப் புரட்ட அது உள்ளேயே போய்விட்டது.

அந்த வழக்கமான பதில் தவறு என்பதே இப்போது என் கட்சி. முதல் விண்ணப்பத்திலேயே முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் நர்ஸ் தன் பெயரை எழுத வேண்டும்.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நிதி தரும் குழு விண்ணப்பதாரரின் பழைய கட்டுரைகளைப் பார்க்கத்தான் செய்கிறது. மேலே மருத்துவர் பெயர் இருந்தால் டீன் அலுவலகத்தில் ஃபைல் கொஞ்சம் வேகமாக நகர்கிறது. கொடுப்பது மக்கள் பணம். அனுபவமில்லாதவரிடம் கொடுத்து வீணாக்கலாமா என்று கேட்டால் அது நேர்மையான கேள்விதான். ஆனால் இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டி வைத்தால் வருவது என்ன? நிதி வேண்டுமென்றால் கட்டுரை வேண்டும்; கட்டுரை வேண்டுமென்றால் ஆய்வு வேண்டும்; ஆய்வு வேண்டுமென்றால் நிதி வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை. மனநல வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தப் பழமொழியைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் இந்த வட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்கவில்லை.

அனுபவம் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். யாருடைய அனுபவம், எதில் அனுபவம்?

கேனுலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டு 72 மணி நேரமோ 96 மணி நேரமோ ஆகிவிட்டால், அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் குத்த வேண்டும் என்பது பல நாட்டு மருத்துவமனைகளில் வேதவாக்காக இருந்த விதி. விதியை எழுதுவது வேறு, அந்த ஊசியைக் குத்துவது வேறு. இரவு இரண்டு மணிக்கு, நரம்பே கிடைக்காத எழுபது வயதுப் பாட்டியின் கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, “நல்லாத்தானே ஓடுது, ஏன் தாயி மறுபடியும் குத்துற?” என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறவள் நர்ஸ். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அந்தக் கேள்வியை ஜோன் வெப்ஸ்டர், கிளேர் ரிக்கார்ட் என்ற இரண்டு நர்சுகள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2008-ல் வெப்ஸ்டர் குழுவின் ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, 755 நோயாளிகள். 2012-ல் ரிக்கார்ட் முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு லான்செட்டில் வந்தது. மூன்று மருத்துவமனைகள், 3,283 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் ஆனதும் மாற்றினார்கள். மற்றப் பிரிவினருக்கு வலியோ வீக்கமோ அடைப்போ வந்தால் மட்டும் மாற்றினார்கள். சிரை அழற்சி இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய 7 சதவீதம்தான். கெடு வைத்துக் குத்தியதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. அந்தப் பெரிய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த நாட்டின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம்.

இந்தக் கேள்வி ஒரு பேராசிரியரின் அறையில் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் கேட்கத் தகுந்ததாகப் பட்டிருக்காது. அங்கே எழும் கேள்வி எந்த ஆன்டிபயாடிக் என்பது. அது எந்தக் கை வழியாகப் போகிறது என்பது இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மேலே வேறொருவர் பெயரைப் போடும்போது போவது மரியாதை மட்டுமில்லை. நாளடைவில் கேள்வியே இடம் மாறிவிடுகிறது. பிளாஸ்திரியைப் பற்றித் தொடங்கிய விண்ணப்பம் மூன்றாவது திருத்தத்தில் மருந்தைப் பற்றியதாக ஆகிவிடும். இப்படி ஆனதை இரண்டு மூன்று தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பெயர் யாருடையதோ அவருடைய ஆர்வம் எழுத்தில் இறங்கத்தானே செய்யும்.

இங்கே சிஸ்டர் ஜீன் வார்டு என்ற நர்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1956-ம் ஆண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ராச்ஃபோர்டு ஜெனரல் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகளின் பிரிவு அந்த அம்மாவின் பொறுப்பில் இருந்தது. இன்குபேட்டரின் புழுக்கத்தைவிட நல்ல காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்ற நம்பிக்கை அவருக்கு. இதமான நாட்களில் குழந்தைகளைத் தொட்டிலோடு முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுவாராம். ஒருநாள் ரவுண்ட்ஸில் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளிறியிருந்தது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அடர்ந்த மஞ்சள். மருத்துவர்களுக்கு முதலில் வந்த சந்தேகம், சிஸ்டர் எதையோ தடவியிருக்கிறார் என்பது. தடவவில்லை. போர்வையின் முனை மூடியிருந்த இடம் அது. மூடாத இடத்தில் வெயில் பட்டு மஞ்சள் இறங்கிவிட்டது. பிறகு, ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த ரத்த மாதிரியிலும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி குறைந்திருப்பது தெரியவந்தது. 1958-ல் லான்செட்டில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் மூன்று பேர்: கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ். சிஸ்டர் வார்டின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

இன்று நம் ஊர்ப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எரியும் நீல விளக்குக்கு அதுதான் தொடக்கம். பிறந்த குழந்தைக்குக் கண் மஞ்சளாக இருந்தால் “இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டும்மா” என்று நம் பாட்டிகள் சொன்னதும் அதே கவனிப்புதான். விளக்கைக் கட்டியவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிரெமர் குழு செய்தது நல்ல வேலை. நான் சொல்வது வேறு. பார்த்தவள் நர்ஸ், காட்டியவள் நர்ஸ், எழுதியவர் வேறு. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் இன்றும் ‘முறையான வழி’ என்று மாணவிகளுக்குக் கற்றுத்தருகிறோம்.

நம் ஊரிலும் கதை மாறவில்லை. 1956-ல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது; இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்ததற்கு ஏறக்குறைய ஈடான பலன் கிடைக்கும் என்று 1959-ல் அந்த மையம் வெளியிட்ட முடிவு, உலகம் காசநோயைக் கையாளும் விதத்தையே மாற்றியது. வீட்டுச் சிகிச்சை செல்லும் என்று சொல்ல வேண்டுமென்றால், வீட்டில் மாத்திரை விழுங்கப்பட்டதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். சந்து சந்தாகப் போய், சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டி, மீதி மாத்திரையை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கி வந்தவர்கள் ஹெல்த் விசிட்டர்களும் நர்சுகளும். ஆய்வின் முதுகெலும்பே அந்த எண்ணிக்கைதான். ‘மெட்ராஸ் ஆய்வு’ என்று உலகம் சொல்லும்போது நம் நினைவுக்கு வரும் முகங்களில் அவர்கள் இருக்கிறார்களா?

“சரி, முதலில் இணை ஆய்வாளராக இருந்து கற்றுக்கொள்ளட்டுமே” என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது என்ன? ஒப்புதல் படிவம் வாங்குவது நர்ஸ். மெடிக்கல் ரெக்கார்ட் அறையில் தூசி தட்டிக் கேஸ் ஷீட் எடுப்பது நர்ஸ். டிஸ்சார்ஜ் ஆனவரை முப்பதாவது நாள் போனில் கூப்பிட்டு விசாரிப்பது நர்ஸ். ஆனால் சாம்பிள் சைஸை முடிவு செய்யும் பேச்சில் அவள் இல்லை. பணத்தை எந்தத் தலைப்பில் எவ்வளவு கேட்பது என்ற பேச்சில் இல்லை. மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புக்குப் பதில் எழுதும்போதும் இல்லை. ஒரு முதன்மை ஆய்வாளர் கற்க வேண்டியவையே இந்த மூன்றும்தான். ஐந்து ஆண்டுகள் கழித்துத் தனியாக விண்ணப்பிக்கப் போனால், ‘முதன்மை ஆய்வாளராக நடத்திய திட்டங்கள்’ என்ற கட்டம் அப்போதும் காலி. படிக்கட்டு என்று சொல்லி நம்மை உட்கார வைத்த இடம் திண்ணை. காற்றாட உட்காரலாம், அங்கிருந்து மாடிக்குப் போக முடியாது.

தனியாளாக எழுது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் வேண்டும், புள்ளியியல் தெரிந்தவர் கண்டிப்பாக வேண்டும், முடிந்தால் நுண்ணுயிரியல் துறையிலிருந்து ஒருவரும் வேண்டும். அவர்கள் இணை ஆய்வாளர்களாக இருக்கட்டும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து நிபுணர் வேண்டும் என்பதற்காக அறுவைச் சிகிச்சையை அவர் பெயரில் எழுதுவதில்லையே.

இப்போது நம் பக்கத்து அழுக்கைத் துவைக்க வேண்டும். நர்சுகள் எழுதும் ஆய்வுத் திட்டங்களில் பல பலவீனமானவை என்கிறார்கள். உண்மை. எதிக்ஸ் கமிட்டியில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே கொட்டாவி வந்திருக்கிறது. ஆனால் காரணம், மேலே மருத்துவர் பெயர் இல்லாதது அல்ல. நாங்கள் பழக்கிவிட்ட பழக்கம்.

எம்.எஸ்சி. நர்சிங் படித்த யாருக்கும் இந்தச் சடங்கு தெரியும். தலைப்பு எப்போதும் ஒரே அச்சு: ‘இன்னாரிடையே இன்னதைப் பற்றிய அறிவில் ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமின் விளைவு’. சாம்பிள் 60. ஏன் 60? சீனியர் அக்கா 60 எடுத்தார்கள். முதலில் ஒரு ப்ரீ-டெஸ்ட், பிறகு சார்ட் காட்டி முக்கால் மணி நேரப் பாடம், ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாளில் போஸ்ட்-டெஸ்ட். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் என்ன செய்யும்? விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் கூடும். பி மதிப்பு 0.001-க்குக் கீழே என்று போட்டு, கருப்பு பைண்டிங்கில் தங்க எழுத்து அச்சடித்து, நூலகத்தில் அடுக்கிவிடுவோம். நானே கையெழுத்துப் போட்ட பைண்டிங்குகள் எத்தனையோ. அந்த ஆய்வேட்டைக் கொஞ்சம் நீட்டி நிதி விண்ணப்பமாக அனுப்பினால் எந்தக் குழுவும் திருப்பித்தான் அனுப்பும், அனுப்பவும் வேண்டும்.

சாம்பிள் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். ஒரு வார்டில் நூறு கேனுலாவில் 20 வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புது முறையில் பிளாஸ்திரி ஒட்டினால் அது 10 ஆகக் குறையும் என்பது நம் எதிர்பார்ப்பு. வழக்கமாகக் கேட்கும் 80 சதவீத பவரோடு, 5 சதவீதப் பிழை வரம்புக்குள் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 பேர் வேண்டும். 30-க்கு 30 என்று வைத்தால் ஒரு பக்கம் 6 பேர், மறுபக்கம் 3 பேர். அந்த மூன்று பேர் வித்தியாசம் நம் பிளாஸ்திரியால் வந்ததா, அந்த வாரத்து அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இருபதையும் பத்தையும் எங்கிருந்து எடுத்தாய் என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அங்கேதான் அந்த நீள நோட்டு பேசுகிறது. பத்துக் கட்டுரை எழுதியவரிடம் அந்த வார்டின் அந்த எண் இல்லை. நான்கு மாதம் எழுதியவளிடம் இருக்கிறது. முதல் விண்ணப்பக்காரிக்கு இதைவிடப் பெரிய தகுதிச் சான்று எது?

ஆக, மாணவிக்குச் சொல்ல வேண்டியது “டாக்டரைத் தேடு” என்பதல்ல. ஒரே கேள்வியோடு போ. எழுதி முடித்த பிறகு புள்ளியியல்காரரிடம் ஓடாதே. எழுதத் தொடங்கும் முன் போ. இரண்டு சிகிச்சை முறைகளை ஒப்பிடுகிறாய் என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய். 2007 முதல் அது இருக்கிறது. ஒப்புதல் படிவத்தை வார்டில் இருக்கும் ஒரு கிராமத்து அம்மாவிடம் படித்துக் காட்டு. அவருக்குப் புரியாவிட்டால் எதிக்ஸ் கமிட்டிக்குப் புரிந்தும் பயனில்லை. பட்ஜெட்டில் லேப்டாப் எழுதாதே. முதல்முறை எழுதுகிறவர்களின் பட்டியலில் லேப்டாப்பும் பிரின்டரும்தான் முதலில் நிற்கும். மூன்று ஷிஃப்டிலும் கேனுலாவைப் பார்த்து எழுத ஒரு புராஜெக்ட் நர்சுக்குச் சம்பளம் கேட்க மறந்துவிடுவார்கள்.

அடுத்து, “திரும்பி வந்தால் மனசு உடைஞ்சு போயிடுவா” என்ற கரிசனம். திரும்பி வருவது உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அதன் பொருள் என்ன? 2018-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்த 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் போட்ட மதிப்பெண்கள், வெவ்வேறு விண்ணப்பங்களுக்கு இருவர் போட்ட மதிப்பெண்களைவிட நெருக்கமாக இல்லை. நல்ல விண்ணப்பங்களுக்குள் எது மிக நல்லது என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. அதே ஆண்டில் நெதர்லாந்திலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. இளம் ஆய்வாளர்களுக்கான நிதியில் மயிரிழையில் ஜெயித்தவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த நிதி மற்றவர்களுக்குக் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பணம் பணத்தோடு சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் தோற்றவர்கள் மறுபடி விண்ணப்பிக்காமல் விட்டது. 2019-ல் வந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, அப்படி மயிரிழையில் தோற்ற பிறகும் களத்தில் நின்றவர்கள் பத்தாண்டு முடிவில் ஜெயித்தவர்களைவிடச் செல்வாக்கான கட்டுரைகளை எழுதியிருந்ததைக் காட்டியது. தோற்றவர்களில் சிலர் அடியோடு விலகிப்போனதையும் அதே ஆய்வு சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

என் முதல் விண்ணப்பமும் திரும்பி வந்ததுதான். படுக்கைப்புண்ணைப் பற்றியது. கூட மூன்று குறிப்புகள் இருந்தன. சாம்பிள் போதாது என்றது ஒன்று. புண்ணை யார் பார்த்து மதிப்பிடுவார்கள், இருவர் பார்த்தால் ஒத்துப்போவார்களா என்று சோதித்தீர்களா என்றது இன்னொன்று. இரண்டும் நியாயம், பத்துப் பாடப்புத்தகம் படித்தும் எனக்கு உறைக்காதது அந்த இரண்டு வரியில் உறைத்தது. மூன்றாவது: முதன்மை ஆய்வாளராக மருத்துவர் ஒருவரைச் சேர்ப்பது நலம். அன்று நான் மூன்றுக்கும் பணிந்தேன். அதற்குப் பிறகு அந்த ஆய்வில் நான் டேட்டா கலெக்டர். அதே வார்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாங்கள் நிரப்பிய, படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்கும் பிரேடன் படிவம் யாருடையது என்று அப்போது யோசித்ததில்லை. உணர்வு, ஈரம், நடமாட்டம் என்று ஆறு தலைப்பில் மதிப்பெண் போட்டு, 23-க்கு எவ்வளவு என்று கூட்டுவோமே, அது 1987-ல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு நர்சுகள் வெளியிட்டது.

கடைசியாக வரும் வாதம்தான் எனக்குக் கோபமூட்டுவது. “வார்டில் ஆளே இல்லை, இதில் ஆராய்ச்சி வேறா?” ஆள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாததா? பொது வார்டில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ், நாற்பது கட்டில், தரையில் பாய் போட்டு இன்னும் பத்து என்று ஓடியவர்கள் நாங்கள். ஆனால் ஆள் இல்லாததால் என்ன ஆகிறது என்பதை அரசாங்கங்களின் மேசையில் எண்ணாக வைத்தது யார்? லிண்டா எய்க்கன், ஒரு நர்ஸ். 2002-ல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை எடுத்து அவர் குழு கணக்கிட்டது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடுகிறது. 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம். கூடுதல் நர்ஸ் வேண்டும் என்று இன்று எந்தச் சங்கம் எந்த நாட்டில் மனு கொடுத்தாலும் கைக்கொள்ளும் ஆயுதம் அது. ஆள் இல்லை, அதனால் ஆராய்ச்சி வேண்டாம் என்கிறவர்கள், ஆள் கேட்பதற்கு இருக்கும் ஒரே கணக்கையும் எழுதாதே என்கிறார்கள்.

பெயர் வந்த பிறகு பணம் வரும் என்பதும் வரலாறு சொல்லும் வரிசை இல்லை. அமெரிக்காவில் நர்சிங் ஆய்வுக்குத் தனி மையம் வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்த சட்டத்தை 1985-ல் அதிபர் ரீகன் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. 1986-ல் மையம் திறந்தது. 1993-ல் அது முழு நிறுவனமானது. அங்கே பணமும் இடமும் கேட்டு வாங்கப்பட்டன. இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-லேயே எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகையைத் தொடங்கிவிட்டது. இருபது வயதில் ஒரு கேள்வி எழுதி, நிதி கேட்டு, அறிக்கை கொடுத்துப் பழகுகிறான் ஒரு பையன். அவன் பிற்காலத்தில் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கும்போது யாரும் “முதல் முறையா?” என்று கேட்பதில்லை. அனுபவம் என்று நாம் சொல்வதில் பாதி, யாருக்கு முதலில் வாய்ப்பு கொடுத்தார்கள் என்பதுதான்.

தடைகள் இல்லாமல் இல்லை. பல திட்டங்கள் நிரந்தரப் பணியில் இருப்பவரையே முதன்மை ஆய்வாளராக ஏற்கும்; தொகுப்பூதியத்தில் பல ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்த நர்சுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. நிறுவனத் தலைவரின் கையெழுத்து வாங்க மூன்று மேசை தாண்ட வேண்டும். ஆய்வுக்கென்று நேரம் கிடையாது. நைட் டியூட்டி முடித்த பகலில்தான் எழுத வேண்டும். இவற்றையெல்லாம் சரிசெய்யச் சொல்லி யாராவது ஓர் அறிவுரைக் கூட்டம் நடத்தினால் முதல் வரிசையில் போய் உட்காருவேன். பெயரைக் கீழே போடு என்று சொல்வதோ இதில் ஒன்றையும் சரிசெய்வதில்லை.

அந்தப் பெண் போன வாரம் மறுபடி வந்தாள். என் மேசையிலேயே விண்ணப்பத்தைத் திறந்தோம். இணை ஆய்வாளர்கள் பகுதியில் அவளுடைய வார்டு மருத்துவர் பெயர் ஏறியிருந்தது. விஷயத்தை நேரில் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். அடுத்த கட்டம் பதவி. கீழே இழுத்தால் ஒரு பட்டியல் விரிந்தது: பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், விஞ்ஞானி. இரண்டு முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் ‘இதர’ என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தியதும் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் திறந்தது. ஸ்டாஃப் நர்ஸ் என்று தட்டினாள். “ஏத்துக்கிச்சு மேடம்” என்றாள். அடுத்த பக்கம் பட்ஜெட்.